செவ்வந்தியின் வலக்கை

ஈரத்துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போன்ற சத்தம். ஏழு வருடங்களுக்கு முன், ஒரு கிராம முகாமில், இரண்டு வயது செவ்வந்தியின் நெஞ்சில் டாக்டர் சபாபதி அதைக் கேட்டார். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை.

"வளர வளர மூடிக்கும்மா," என்றார்.

நான்கு வயதில் அந்தச் சத்தம் இல்லை. சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

உதடு நீலம் பாரித்து அவள் மறுபடி வந்தபோதுதான் தெரிந்தது. ஓட்டை மூடவில்லை. நுரையீரலில் அழுத்தம் ஏறி, இதயத்தின் இரு பக்க அழுத்தமும் சமமாகி, சத்தம் மட்டும் அடங்கியிருந்தது. அறுவை சிகிச்சைக்கான காலமும் அதோடு போயிருந்தது.

குணமாகாத குழந்தைகளின் வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் அவளைச் சேர்த்தார்கள். ஓய்வுபெற்ற சபாபதி அங்கேயே வேலை கற்க வந்தார். கற்றுக்கொடுத்தவர் லூர்து சிஸ்டர். சபாபதியின் வயதில் பாதிதான் அவருக்கு.

ஒரு காலை, சபாபதி செவ்வந்தியின் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். நகப்பூச்சு மறைத்தது. பழக்கதோஷத்தில் துடைத்தார். விரல் சில்லிட்டிருந்ததால் எண் வரவில்லை. அடுத்த விரல். அதற்கடுத்தது. வலக்கை முழுவதும் சிவப்பு போய் நீலம் தெரிந்தது. கடைசி விரலில்தான் எண் வந்தது.

"நேத்துதான் அம்மா போட்டுவிட்டுச்சு," என்றாள் அவள், மூச்சு வாங்க. "எந்த ஆஸ்பத்திரிலயும் விடமாட்டாங்க. இங்கதான் விட்டாங்க."

"எவ்வளவு காட்டுது சார்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"அறுபத்தெட்டு."

"அத வச்சு என்ன செய்யப் போறீங்க?"

சிஸ்டர் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நகப்பூச்சுக் குப்பியை அவர் கையில் வைத்தார்.

"எனக்கு இது வராது சிஸ்டர்."

"ஊசி மட்டும் நல்லாக் குத்துவீங்களே!" என்றாள் செவ்வந்தி.

கட்டைவிரலில் பூசினார்.

"தோல்ல படுது, டாக்டர்."

இரண்டாவது விரலில் அவள் அசந்து தூங்கிப்போனாள்.

சபாபதி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க நான் எத்தனை நாள் வேலை செஞ்சா, அன்னிக்கு சரியாயிருச்சுன்னு எழுதிக் குடுத்ததுக்கு ஈடாகும்?"

"ஆகாது சார்," என்றார் சிஸ்டர். "இன்னும் மூணு விரல் இருக்கு. முழிக்கிறதுக்குள்ள போட்டுருங்க."

மூன்றாம் நாள் மதியம், வலக்கையின் ஐந்து நகமும் சிவப்பாக, அம்மாவின் மடியில், செவ்வந்தி இறந்துபோனாள்.