பலசுருதிக்குப் பயந்த மந்திரி

அந்தக் காலத்தில் செங்கழனி நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் ஊருக்கே விருந்து, நினைத்தால் ஊருக்கே பட்டினி, அப்படிப்பட்ட ராஜா. அவனுடைய ஆஸ்தான பண்டிதர் தாமோதர பட்டர் அம்பிகை மேல் சமஸ்கிருதத்தில் ஒரு ஸ்தோத்திரம் இயற்றிச் சபையில் பாடினார். எட்டுச் சுலோகம் அம்பிகைக்கு. கடைசிச் சுலோகம், வழக்கப்படி, ஓதுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும் பலசுருதி. ராஜா சொக்கிப்போனான். "தினமும் விடிந்ததும் சபையில் எல்லாரும் இதை ஓதியாக வேண்டும்!" என்று ஆணையிட்டான்.

மந்திரி சாத்தையனார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அம்பிகையைக் கும்பிட ஆணை எதற்கு என்று அவருக்கு எரிச்சல். மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த பட்டருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"மகாராஜா, அடியேன் மூன்று வேளையும் பாராயணம் பண்ணுகிறேன். மந்திரியார் உதட்டைக்கூட அசைப்பதில்லை. ஆணையை மதிக்காதவர் கையில் முத்திரை மோதிரம் இருக்கலாமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாத்தையனாரே, தக்க காரணம் சொல்லும். இல்லாவிட்டால் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டை விட்டே போய்விடும்!"

உள்ளதைச் சொன்னால் பிழைப்பு போச்சு. சாத்தையனார் மனசுக்குள் ஸ்தோத்திரத்தை ஓட்டிப் பார்த்தார். கடைசிச் சுலோகம் வந்ததும் அவருக்கு உயிர் வந்தது.

"பட்டரே, பலசுருதிக்கு அர்த்தம் சொல்லுங்கள்."

"தினமும் பக்தியோடு ஓதுகிறவன் சிம்மாசனம் ஏறிப் பூமியை ஆள்வான்," என்றார் பட்டர் பெருமையாக.

"பலிக்குமா?"

"என்ன கேள்வி ஐயா இது? அம்பிகை பேரில் சொன்னது, அட்சரம் பிசகாது!"

சாத்தையனார் ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மகாராஜா, நம் நாட்டில் இருப்பது ஒரே சிம்மாசனம். அதில் தாங்கள் இருக்கும்போது அடியேன் அதைக் கேட்டு அம்பிகையிடம் மனுப் போடலாமா? அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்."

ராஜா மெதுவாகப் பட்டர் பக்கம் திரும்பினான்.

"நீர் மூன்று வேளையுமா ஓதுகிறீர்?"

பட்டர் வசமாக மாட்டிக்கொண்டார். பலிக்கும் என்றால் ராஜத்துரோகம், பலிக்காது என்றால் இவ்வளவு நாள் சொன்னது பொய்.

"இல்லை மகாராஜா! அடியேன்... சும்மா உதட்டை மட்டும்தான் அசைப்பேன்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடமே சரிந்தது. தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையனார் கழுத்தில் போட்டான். "இனி விருப்பமுள்ளவர்கள் ஓதினால் போதும். பட்டரே, உமக்கு மட்டும் விலக்கில்லை. 'இதை ஓதுகிறவன் அடுத்தவன்மேல் கோள் சொல்லமாட்டான்' என்று பலசுருதியை மாற்றும். தினமும் சபையில் நீரே வாய்விட்டு ஓதும்!"

மறுநாள் விடிந்ததும் பட்டர் தொண்டை கிழிய ஓதினார். பக்கத்தில் நின்ற சாத்தையனாரும், யாரும் சொல்லாமலே, கூடச் சேர்ந்து ஓதினார்.