ராஜாவின் வெளுப்புச் சாந்து

முன்னொரு காலத்தில் சேந்தன் என்று ஒரு ராஜா நெல்லிச்சீமை என்கிற நாட்டை ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். ஏரிக்கு மதகு வைத்தான், வரியைக் குறைத்தான். ஆனால் காலையில் கண்ணாடி பார்க்காமல் அவனுக்கு ஒரு வேலையும் ஓடாது. கண்ணாடி பிடிப்பதற்கென்றே நாச்சி என்று ஒரு பணிப்பெண் இருந்தாள். "எப்படி இருக்கேன் நாச்சி?" என்று ராஜா தினமும் கேட்பான். "நிலா மாதிரி இருக்கீங்க மகாராஜா" என்று அவளும் தினமும் சொல்வாள். ராஜாவோ நல்ல கறுப்பு. அவனுக்கும் நிலாவுக்கும் என்ன உறவு என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் சம்பளம் வாங்குகிற இடம் அது.

அந்த அரண்மனையில் அலங்கார அதிகாரி சவுந்தரபூபதி. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய அத்தர் வாசனை வந்துவிடும். ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரி ஏகாம்பரத்தையே கூப்பிடுகிறாரே என்று இவருக்கு ஒரே வயிற்றெரிச்சல். தேர்த்திருவிழா நெருங்கியது. எப்படியாவது பெயர் வாங்கிவிட வேண்டுமென்று ஒரு வெளுப்புச் சாந்தை அரைத்தார். இதைப் பூசிக்கொண்டு தேரில் ஏறினால் மகாராஜா பால் நிறத்தில் ஜொலிப்பார் என்றார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சாந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, சவுந்தரபூபதி கொஞ்சத்தை நாச்சியிடம் ரகசியமாகக் கொடுத்திருந்தார். அவள் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் எரிந்தது. கடைசியில் கன்னம் முழுக்கக் கொப்புளம். அவள் நேரே ராஜாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். சவுந்தரபூபதி என்ன செய்தார் தெரியுமா? இவள் திருடிப் பூசினாள், தெய்வம் தண்டித்துவிட்டது என்று கூசாமல் சொன்னார். ராஜாவும் நம்பினானே, அதைச் சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. தேர் நிலைக்கு வந்ததும் நாச்சி ஊரைவிட்டே போய்விட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டான்.

போக்கிடம் இல்லாத நாச்சி மந்திரியிடம் வந்து அழுதாள். ஏகாம்பரம் அவள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பவில்லை. சவுந்தரபூபதி இன்னும் யார் யாருக்குச் சாந்து கொடுத்திருந்தார் என்று விசாரித்து, வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் அதே கதை. வெளுப்பு உடனே வரும், கொப்புளம் தாமதமாக வரும். தேரன்று ஜொலித்தால் பெயர் வந்துவிடும், அப்புறம் வருகிற கொப்புளத்துக்குத் தெய்வத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் சவுந்தரபூபதியின் கணக்கு. ஆனால் சபைக்கு வந்து சொல்ல ஒருத்தியும் தயாராக இல்லை. நாச்சிக்கு நேர்ந்தது தங்களுக்கும் நேரும் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பாவம், அவர்களைச் சொல்லி என்ன பயன்?

தேர் கிளம்பும் நாள் காலையில் சபை கூடியது. சவுந்தரபூபதி வெள்ளிக் குப்பியோடு வந்து நின்றார். கண்ணாடியோடு ஓர் ஓரமாக நாச்சியும் நின்றாள். மந்திரி எழுந்து, அந்த அரண்மனையின் பழைய வழக்கம் ஒன்றை நினைவுபடுத்தினார். ராஜா வாய் வைக்கும் முன், சமைத்தவனே அதே தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து எல்லோர் கண்முன்னும் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

"வயிற்றுக்கு இவ்வளவு காவல் வைத்திருக்கிறோம். மகாராஜாவின் முகம் என்ன, அனாதையா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

ராஜாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. தன் முகத்தைப் பற்றி யார் அக்கறையாகப் பேசினாலும் அவனுக்குப் பிடிக்கும். சவுந்தரபூபதியோ லேசுப்பட்ட ஆள் இல்லை. இப்படி ஏதாவது வருமென்று இன்னொரு குப்பியும் மடியில் கொண்டுவந்திருந்தார். அதில் இருந்தது வெறும் சந்தனம்.

"மகாராஜாவுக்குப் பூஜை செய்து வைத்த குப்பியில் அடியேன் விரல் படலாமா? அபசாரம். அதே சாந்துதான் இதிலும் இருக்கிறது, இதைப் பூசிக்கொள்கிறேன்" என்றார்.

சபையே சபாஷ் போட்டது. என்ன பக்தி, என்ன பணிவு! மந்திரியும் தலையாட்டினார்.

"ரொம்பச் சரி. இவர் விரல் படவே கூடாது. இப்படிப்பட்ட விசுவாசிக்கு மகாராஜாவே தம் குப்பியிலிருந்து எடுத்துத் தம் கையாலேயே பூசிவிட்டால் அல்லவா மரியாதை?" என்று சொல்லி, கை படாமல் பூச ஒரு வெற்றிலையையும் நீட்டினார்.

ராஜாவுக்கு ஒரே உற்சாகம். வெற்றிலையில் சாந்தை வழித்துக்கொண்டு சிம்மாசனத்தை விட்டு இறங்கினான். சவுந்தரபூபதி ஓரடி பின்னால் போனார். ராஜா முன்னால் வந்தான். அவர் தூணைச் சுற்றினார், ராஜாவும் சுற்றினான். தலைப்பாகை ஒரு பக்கம், சந்தனக் குப்பி ஒரு பக்கம் உருண்டது. ராஜா கொடுக்கிற மரியாதையை வேண்டாமென்று ஓடிய மனுஷரை அந்தச் சபை அன்றைக்குத்தான் பார்த்தது. கடைசியில் ராஜா அவர் தாடையைப் பிடித்துவிட்டான்.

"வேண்டாம் மகாராஜா, எரியும். அதில் பாதரசம் இருக்கு" என்று அலறிவிட்டார் சவுந்தரபூபதி.

ராஜா கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தான், நாச்சியின் கன்னத்தைப் பார்த்தான். வெற்றிலையைக் கீழே போட்டான். அப்புறம், "தப்பு என்னுடையது நாச்சி. நீ சொன்னபோதே கேட்டிருக்கணும்" என்றான். ராஜா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசான காரியமா? சவுந்தரபூபதியின் பதவி போயிற்று. நாச்சியின் முகம் ஆறும்வரை தினமும் கற்றாழை சீவி அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தண்டனை. மந்திரிக்குத் தன் முத்துமாலையையே கழற்றிப் போட்டான். அதோடு ஒரு சட்டமும் வந்தது. இனி நெல்லிச்சீமையில் சாந்தோ மையோ தைலமோ எதைச் செய்தாலும், செய்தவர் அதே குப்பியிலிருந்து முதலில் பூசிக்கொண்டு, அடுத்த பௌர்ணமிவரை ஊர் பார்க்க நடமாட வேண்டும். அவசரப்பட்டு எதையும் நல்லது என்று சொல்லக் கூடாது. பார்த்துச் சரி என்று முத்திரை போடும் பொறுப்பு நாச்சிக்கு.

அன்றைக்கு ராஜா தன் சொந்தக் கறுப்போடு தேரில் ஏறப் போனான். ஏறுவதற்கு முன் பழக்கதோஷத்தில், "எப்படி இருக்கேன் நாச்சி?" என்று கேட்டுவிட்டான்.

நாச்சி கண்ணாடியைத் தாழ்த்தினாள். "அவசரப்பட்டு எதையும் நல்லதுன்னு சொல்லக் கூடாதுன்னு இப்பத்தானே சட்டம் போட்டீங்க மகாராஜா. அடுத்த பௌர்ணமிவரை பார்த்துட்டுச் சொல்றேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தேர் நிலைக்கு வந்தது, நாச்சி ஊரிலேயே இருந்தாள். பௌர்ணமியன்று அவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்களா? அது ராஜாவுக்கும் அவளுக்கும்தான் தெரியும். நிலா மாதிரி என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டாள்.