செவலை தின்ற மாம்பழம்

செம்பாறைக்கோட்டையை ஆண்ட ராஜா கொழுந்துவேலருக்கு இரண்டின்மேல் உயிர். ஒன்று, செவலை என்கிற அவருடைய வேட்டைநாய். இன்னொன்று, அரண்மனைத் தோட்டத்து மாமரம். ராணி கேட்டால் வருத்தப்படுவாள், ஆனாலும் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அந்த வருஷம் பார்த்து ராஜாவுக்கு உடம்பெல்லாம் சூட்டுக்கட்டி. அரண்மனை வைத்தியர் குற்றாலநாதப் பண்டிதர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு மண்டலம் மாம்பழத்தைத் தொடவே கூடாது என்று பத்தியம் வைத்துவிட்டார். பாவம் ராஜா, கஞ்சியும் சுண்டைக்காய் வற்றலுமாக நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். மரத்தில் கடைசியாக ஒரே ஒரு பழம், தேங்காய்ப் பருமனில் தொங்கியது. பத்தியம் முடிகிற அன்றைக்கு அதைத்தான் தின்பேன் என்று சொல்லி, தோட்டக்காரன் மாசாணத்தைக் காவலுக்குப் போட்டிருந்தார்.

பத்தியம் முடிய இன்னும் மூன்று நாள். பழத்தைக் காணோம்.

மாசாணம் அரசவைக்கு ஓடிவந்து ராஜா காலில் விழுந்தான். பழம் தானாகக் கனிந்து விழுந்ததாம். குனிந்து எடுப்பதற்குள் செவலை கவ்விக்கொண்டு போய் வேலியோரம் படுத்துத் தின்றுவிட்டதாம். நக்கிச் சுத்தமாக்கின கொட்டை ஒன்றுதான் மிச்சம் என்று கையில் இருந்ததைக் காட்டினான்.

பண்டிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. காரணம் இருக்கிறது. பதினைந்து நாளைக்கு முன்னால் மருந்துக்கு வேண்டும் என்று அவர் அதே பழத்தைக் கேட்டுப் போக, மாசாணம் தர முடியாது என்று அனுப்பிவிட்டான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"மகாராஜா, நாயின் பல்லைப் பாருங்கள். கறியைக் கிழிக்கிற பல். அதற்கு இயற்கை வைத்த சாப்பாடு மாமிசம். பழம் அதன் கணக்கிலேயே கிடையாது. நாய் மாம்பழம் தின்றது என்று சொல்பவன் பொய்யன்."

சரி, பார்த்துவிடுவோம் என்று ராஜா செவலையைக் கூட்டிவரச் சொன்னார். வேறு மரத்துப் பழம் ஒன்றை வெள்ளித் தட்டில் வைத்தார்கள். செவலை பழத்தைப் பார்த்தது. ராஜாவைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அவ்வளவுதான், ராஜாவுக்கு வந்ததே கோபம். பொழுது சாய்வதற்குள் மாசாணம் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆற்றைத் தாண்டிவிட வேண்டும், இனி இந்த நாட்டு மண்ணை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாசாணத்துக்கு அழக்கூட வரவில்லை. அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததே அவன்தான்.

அந்த அவையில் ஆவுடையப்பன் என்று ஒருவன் உண்டு. அவனுக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ராஜாவுக்குக் கோபம் வந்தால் எல்லாரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவனோ செவலையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைத் திருப்பின நாய்க்கு எச்சில் தரையெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது.

எழுந்து வந்தவன், தனக்கு ஒரு சின்னச் சந்தேகம் என்றான். பண்டிதருக்கு அதிரசம் இயற்கை உணவா, இல்லையா? அவையே சிரித்தது. பண்டிதர் காலையில் அதிரசம் முழுங்காமல் யார் நாடியையும் பிடிப்பதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. ஆவுடையப்பன் சமையற்கட்டிலிருந்து ஐந்து அதிரசம் வரவழைத்து அவர் முன்னால் வைத்து, தின்னுங்கள் என்றான்.

"ராஜா முன்னால் நான் எப்படி வாய் வைப்பேன்? மரியாதை வேண்டாமா?" என்றார் பண்டிதர்.

"செவலைக்கும் அதே மரியாதைதான் பண்டிதரே. மகாராஜா 'ம்' சொல்லாமல் அது எலும்பைக்கூடத் தொடாது. போன வாரம் அவரே பெருமையாகச் சொன்னாரே."

ராஜா தாடையைச் சொறிந்தார். பண்டிதர் விடுகிற ஆளா? மரியாதை வேறு, இயற்கை வேறு என்றார். யாரும் பார்க்காவிட்டாலும் தான் அதிரசத்தைத் தொடப்போவதில்லை, செவலையும் பழத்தைத் தொடப்போவதில்லை என்று சத்தியமே செய்தார்.

ஆவுடையப்பனுக்கு அது போதும். ராஜா திரைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போய் நூறு எண்ணிவிட்டு வரட்டும், பண்டிதரையும் செவலையையும் தவிர மற்ற எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கட்டும் என்றான். மாசாணத்தை விட்டு வேறு மரத்து மாம்பழம் ஒரு கூடை கொண்டுவரச் சொல்லியிருந்தான். அந்த வாசனையில் நாய்க்குக் கவனம் கலையக் கூடாது என்று கூடையை ராஜா போகிற அறைக்குள்ளேயே வைக்கச் சொன்னான்.

ராஜா உள்ளே போனார். எல்லாரும் திரும்பி நின்றார்கள். ஒரு பக்கம் சளக் சளக் என்று சத்தம். இன்னொரு பக்கம் யாரோ மென்று முழுங்குகிற சத்தம். நூறு எண்ண ராஜாவுக்கு ஏனோ ரொம்ப நேரம் பிடித்தது.

திரை விலகியது. வெள்ளித் தட்டு காலி. செவலை கொட்டையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து நக்கிக்கொண்டிருந்தது. ஐந்து அதிரசத்தில் இரண்டுதான் மிச்சம். பண்டிதர் தாடியில் எள்ளு.

ராஜா பண்டிதரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஆவுடை, இப்போது நீயே சொல். பழம் நாய்க்கு இயற்கை உணவுதானா?"

"தினப்படிக்கு அதற்குக் கறிதான் மகாராஜா, பண்டிதர் சொன்னது அந்த மட்டும் சரி. ஆனால் நீங்கள் பார்க்கும்போது செய்வது பழக்கம். யாரும் பார்க்காதபோது செய்வதுதான் இயற்கை. அதில் நாய் என்ன, பண்டிதர் என்ன..." என்றவன், தோளில் கிடந்த துண்டை எடுத்து மெதுவாக நீட்டினான். "மீசையில் மாம்பழ நார் ஒட்டியிருக்கிறது. துடைத்துக்கொள்ளுங்கள்."

ராஜா மீசையைத் தடவிப் பார்த்தார். பத்தியத்துக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. பண்டிதர் வாயைத் திறக்கப் போய், தன் தாடியில் இருக்கும் எள்ளு ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். ராஜா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் செவலை மிரண்டு குரைத்தது.

மாசாணத்தைக் கூப்பிட்டு, போய் மரத்துக்குத் தண்ணீர் ஊற்று என்று அனுப்பிவைத்தார். ஆவுடையப்பனுக்குப் பரிசாக உள்ளே இருக்கிற மாம்பழக் கூடையைக் கொடுக்கச் சொன்னார்.

எடுக்கப் போன சேவகன் வெறும் கூடையோடு திரும்பி வந்தான்.