வில்லவராயர் வீட்டுக் குப்பை

செங்கழுநீர்ப்பட்டணத்து மகாராஜா விசயகேசரி ஒரு மழைநாளில் நகர்வலம் போனார். போன இடத்தில் அழுகிய பூசணிக்காயை மிதித்து மல்லாக்க விழுந்தார். குடை பிடித்தவன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். நாட்டில் குப்பை என்று ஒன்று இருப்பதே மகாராஜாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ராஜாக்களுக்கு எல்லாமே விழுந்த பிறகுதான் தெரியும்.

உடனே முரசறைந்தார்கள். பல குடித்தனங்களை வாடகைக்கு வைத்திருக்கும் மாடிவீட்டுக்காரர்கள் மாடிக்கு இரண்டு கூடை வைக்க வேண்டும். சமையல் கழிவு ஒன்றில். கந்தல், ஓட்டாஞ்சில்லு எல்லாம் இன்னொன்றில். எதை எதில் போடுவது என்று குடித்தனக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வதும் வீட்டுக்காரர் பொறுப்பு. விடிந்ததும் வண்டி வரும். இரண்டையும் கலக்காமல் கொடுக்க வேண்டும்.

ஊரிலேயே பெரிய மாடிவீடு வில்லவராயருடையது. ஐந்து மாடி. நான்கில் குடித்தனங்கள், உச்சியில் அவர். வாடகை வாங்க மட்டும் கீழே இறங்கி வருவார். கூடையாவது, வைப்பதாவது! முரசு ஓய்ந்து வெகுநாள் ஆகியும் அவர் வீட்டுச் சந்தில் குப்பை ஆளுயரத்துக்கு நாறிக்கொண்டு கிடந்தது. மகாராஜா அவரைச் சபைக்கு இழுத்து வரச் சொன்னார்.

"நான் என்ன செய்வேன், மகாராஜா?" என்று ராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூடை வைத்தேன். தொண்டை வற்றச் சொன்னேன். இந்தக் குடித்தனக்காரர்கள் கேட்டால்தானே! எல்லாவற்றையும் கலந்துகட்டிப் போடுகிறார்கள். அத்தனை பேரையும் காலி பண்ணச் சொல்லி உத்தரவு போடுங்கள். வீடு சுத்தமாகிவிடும்."

குதிரை வியாபாரிகள் இரட்டிப்பு வாடகை தருவதாகச் சொல்லியிருந்தது சபையில் யாருக்கும் தெரியாது என்று அவருக்கு நினைப்பு.

இரண்டாம் மாடியில் குடியிருக்கும் வேதவல்லி, இடுப்பில் கைக்குழந்தையோடு முன்னே வந்தாள். "சாமி, கூடைன்னு ஒண்ணு இருக்குறதே இப்ப இவர் சொல்லித்தான் தெரியுது. இந்த அடைமழையில பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு நாங்க எங்க போவோம்?"

மகாராஜாவுக்கு இன்னும் இடுப்பு வலி தீரவில்லை. "நாளைக் காலையில் நானே வந்து பார்க்கிறேன். கலந்தது குடித்தனக்காரர்கள் என்றால், பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் வெளியேற வேண்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நியாயம் விசாரிக்க அவருக்கு அவ்வளவுதான் பொறுமை.

மறுநாள் ஏகாதசி. அந்த ஊரில் ஏகாதசி என்றால் அடுப்பே எரியாது. குழந்தைகளுக்குக்கூடப் பாலும் பழமும்தான். பசிச் சிடுசிடுப்போடு வந்த மகாராஜா, மாடிக்கு இரண்டாகப் புத்தம்புதுக் கூடைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். மூங்கில் பச்சைகூட மாறவில்லை. ராயர் நெற்றி நிறைய நாமத்தோடு, விரதக் களைப்பில் ஒரு வேலையாள்மேல் சாய்ந்தபடி வந்தார். அடடா, என்ன பக்தி!

"பாருங்கள், மகாராஜா! கந்தல் கூடையில் சோற்றைக் கொட்டியிருக்கிறார்கள். சோற்றுக் கூடையில் ஓட்டாஞ்சில்லு!"

வேதவல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகாராஜா உத்தரவு போட வாயைத் திறந்தார். அதற்குள் அவர் பின்னால் நின்ற சபை மந்திரி குருகூரன் கூடைக்குள் குனிந்தான்.

"ராயரே, இது குடித்தனக்காரர்கள் போட்டதுதானே?"

"சத்தியமாக!"

"பழைய குப்பையோ?"

"இன்று காலையில் போட்டது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன்!"

"நல்ல கண்" என்ற குருகூரன், மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை ஒன்றை இரண்டு விரலால் எடுத்துக் காட்டினான். "ஈரம்கூடக் காயவில்லை. மகாராஜா கொஞ்சம் பொறுங்கள், இதோ வந்துவிடுகிறேன்."

விறுவிறுவென்று படியேறிப் போனான். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது.

"நாலு மாடியிலும் ஓர் அடுப்பு விடாமல் பார்த்தேன், மகாராஜா. எல்லாம் ஆறிய சாம்பல். இரண்டு அடுப்பில் பூனை தூங்குகிறது. ஏகாதசியும் அதுவுமாகச் சமைக்காதவர்கள் சோற்றையும் முருங்கைக்காயையும் எங்கிருந்து கொட்டினார்கள்?"

மகாராஜா மெதுவாக ராயர் பக்கம் திரும்பினார். "இது யார் வீட்டுக் குப்பை?"

ராயரின் நாமம் வியர்வையில் வழிந்தது. "அது... ஊருக்கு வெளியே ஒரு சத்திரம். அங்கிருந்து ஆட்களை விட்டு... மன்னிக்க வேண்டும், மகாராஜா!"

"வெட்கங்கெட்டவனே! குப்பையைக்கூட வெளியிலிருந்து கொண்டுவந்தா ஏழைகள் தலையில் கொட்டுவாய்? இவர்கள் ஒருவரும் வெளியேற வேண்டாம். கலந்தது நீ. இத்தனை கூடையையும் நீயே உன் கையால் பிரி. இங்கேயே, இப்போதே, எல்லோரும் பார்க்க!"

வேதவல்லி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நின்றிருந்தவர்களில் பாதிப்பேர் அழுதார்கள், பாதிப்பேர் சிரித்தார்கள்.

ராயர் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துவண்டார். "நிர்ஜல விரதம், மகாராஜா. நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. குனிந்தால் உயிர் போய்விடும். நாளைக்குப் பிரிக்கிறேனே?"

விரதம் என்றதும் மகாராஜா தயங்கினார். பாவம் வந்து சேருமோ என்று பயம்.

குருகூரன் வலது கையை நீட்டினான். ஆள்காட்டி விரல் நுனி சிவந்து கொப்பளித்திருந்தது.

"பயப்படாமல் பிரிக்கச் சொல்லுங்கள், மகாராஜா. ராயருக்குத் தெம்புக்குக் குறைவில்லை. ஐந்தாம் மாடி அடுப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்."

மகாராஜா இடுப்பு வலியை மறந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குருகூரனுக்குப் போட்டார். ராயர் முழங்கைவரை கூடைக்குள் இருந்தார்.