அண்ணாந்து பார்க்காத ஊர்

கழுத்து வலிக்கு வைத்திய நூல்கள் பல காரணங்கள் சொல்கின்றன. பங்காளி வானத்தில் போவதை மட்டும் விட்டுவிட்டன. பொள்ளாச்சியில் கல்யாண மண்டபம் வைத்திருந்த சென்னியப்பனுக்கு வந்த வலி அதுதான். பறக்கும் டாக்சியின் சோதனை ஓட்டத்தில் பங்காளி அவிநாசியப்பன் ஏறிவிட்டார். ஊரே அண்ணாந்து கையசைத்தது.

சென்னியப்பன் கார் டிரைவர் மாரப்பனைக் கூப்பிட்டார். "இனி அவன் பறந்தா ஒருத்தன்கூட மேல பார்க்கப்படாது. பார்த்தா உனக்கு வேலை இல்லை."

"ஆகட்டுங்க. ஊருக்குள்ள இறங்க இடமில்லாமத்தான் அந்த டாக்சி சோதனையோட நிக்குது. நம்ம மண்டபத்து மொட்டை மாடியைக் கொடுத்துருங்க."

"அவன் வந்து இறங்கவா?"

"எல்லாரும் இறங்கத்தானுங்க. பூக்காரம்மா கூடையோட பறந்தா அப்புறம் யாருங்க பார்ப்பாங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். சில மாதங்களில் ட்ரோன்கள் தக்காளி சுமந்தன. பறக்கும் டாக்சியில் சந்தைக்குப் போனவர்கள் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டார்கள்.

ஒருநாள் சென்னியப்பன் கடைவீதியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மேலே அவிநாசியப்பன் போனார். டீக்கடையில் நின்றவர்கள் டீயைத்தான் பார்த்தார்கள்.

"எவனாச்சும் பார்க்கிறானாடா?" என்று வானத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒரே ஒருத்தர் பார்க்கிறாருங்க."

"தொலைஞ்சது உன் வேலை! யார்றா அவன், காட்டு!"

மாரப்பன் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினான். அதைப் பார்க்க அவர் தலையைக் குனிய வேண்டியிருந்தது.

"இப்போ ஒருத்தரும் பார்க்கலீங்க," என்றான் மாரப்பன். "வண்டியை எடுக்கட்டுங்களா?"