சிவப்புச் சாக்கெட்டின் சாவி

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் குரு வயதில் சின்னவர், சிஷ்யர் பெரியவர். யாஸ்மினுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தங்கப்பழத்துக்கோ ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் அறையிலேயே காலம் தள்ளிய மனிதர், ஒருநாள் தானாக வந்து, "எனக்கும் இந்த வித்தையக் கத்துக் குடுங்க டீச்சர்" என்று நின்றார்.

யாஸ்மின் முதல் பாடமாக அவர் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார்.

பிரசவ வார்டு நடைவழிச் சுவரில் ஒரு நெட்வொர்க் பெட்டி உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவுகள் அதன் வழியாகத்தான் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும். கரண்ட் போனால், ஜெனரேட்டர் சோம்பல் முறித்து எழுந்திருக்கும்வரை அந்தப் பெட்டிக்குப் பேட்டரியில் ஓடும் யுபிஎஸ்தான் உயிர். பெட்டிக்குக் கீழே யுபிஎஸ்ஸிலிருந்து வரும் சிவப்புச் சாக்கெட். அதற்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு.

"இதுல நம்ம பெட்டியத் தவிர வேற எதையும் மாட்டக் கூடாது, அண்ணாச்சி."

"சரி டீச்சர்."

சரி என்று சொல்வதில் தங்கப்பழத்தை மிஞ்ச ஆள் கிடையாது. யார் எதைக் கேட்டாலும் சரிதான். பாவம், அதுதான் அவருடைய நோய்.

அந்த வாரமே கரண்ட் போனது. பிள்ளைக்குப் பால் கரைக்க வெந்நீர் வேண்டும் என்று ஒரு பெண் கெட்டிலோடு வந்து கெஞ்சினாள். உள்ளே பச்சைப் பிள்ளை வீறிட்டு அழுதது. தங்கப்பழம் பூட்டைத் திறந்துவிட்டார்.

கெட்டில் சூடேறுவதற்குள், அது இழுத்த கரண்டைத் தாங்காமல் யுபிஎஸ் கீகீயென்று கத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன. தியேட்டரில் ஒரு தாய்க்கு ரத்தம் ஏற்றக் காத்திருந்தார்கள். திரையில் முடிவு வரவில்லை. ஒரு நர்ஸ் கீழே லேபுக்கு ஓடி, காகிதத்தை வாங்கிக்கொண்டு மறுபடி மேலே ஓடினாள். அந்தத் தாய் பிழைத்தது மயிரிழையில்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்யா!" என்று ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கத்தினார். "இன்னொரு தடவை நடந்துச்சு, நீரு மோட்டார் ரூமுக்கே போயிரும்!"

மோட்டார் அறைக்குப் போவது தங்கப்பழத்துக்குப் பெரிய விஷயமில்லை. தியேட்டர் வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தத் தாயின் புருஷனைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. நேரே யாஸ்மினிடம் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"இத நீங்களே வச்சிக்கிடுங்க டீச்சர்."

"ஏன் அண்ணாச்சி?"

"வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல வரமாட்டேங்குது. ஒரு பிள்ளை அழுதுன்னு திறந்தேன். இன்னொரு பிள்ளையோட அம்மா போகப் பாத்தா. கல்லு மனசு இருக்கவன்தான் இந்த வேலை பாக்கணுமா?"

யாஸ்மின் சாவியை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டார்.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் மறுபடியும் கரண்ட் போனது. இருவரும் அப்போது அந்த நடைவழியில்தான் கேபிள் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தியேட்டருக்குத் தனிப் பேட்டரி; அதன் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே யாருக்கோ ஆபரேஷன்.

ஒரு கையில் கெட்டிலும், மறு கையில் காலிப் பிளாஸ்க்குமாக ஓர் இளந்தகப்பன் வேகமாக வந்தான்.

"அண்ணாச்சி, இதுல மட்டும் கரண்ட் இருக்காம்லா? பிள்ளைக்குப் பால்மாவு கரைக்கணும். வெந்நி வேணும். நேத்துதான் பொறந்துச்சு."

தங்கப்பழத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. யாஸ்மினைப் பார்த்தார்.

"இதுல மாட்ட முடியாது தம்பி" என்றார் யாஸ்மின்.

"ஒரே நிமிஷம்தான்க்கா!"

"ஒரு நிமிஷமும் முடியாது."

"உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?"

யாஸ்மின் அவன் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டார்.

"நீ பிள்ளைகிட்டப் போ. அண்ணாச்சி, பெட்டியப் பாத்துக்கிடுங்க."

லிஃப்ட் ஓடவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கிப் போனார். தங்கப்பழம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கொளுத்தும் வெயிலில் யாஸ்மின் சாலையைக் கடந்து எதிர்ச்சாரி டீக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

பெட்டியில் பச்சை விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. தியேட்டருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "ரிசல்ட் வந்திருச்சு டாக்டர், ஓ பாசிட்டிவ்!" தங்கப்பழம் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார்.

யாஸ்மின் மூச்சிரைக்க மேலே வந்தார். நிறைந்த பிளாஸ்க்கை வார்டுக்குள் கொடுத்துவிட்டுத் திரும்பினார். சற்று நேரத்தில் உள்ளே பிள்ளையின் அழுகைச் சத்தம் நின்றது. அதற்கு அப்புறம்தான் ஜெனரேட்டர் உறுமியது.

"அந்தப் பையன்கிட்ட மூஞ்சியில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொன்னீங்க" என்றார் தங்கப்பழம். "அப்புறம் நீங்களே ஏன் டீச்சர் இந்த வெயில்ல ஓடுனீங்க?"

யாஸ்மின் படியில் உட்கார்ந்து துப்பட்டா முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாக்கெட்டுதான் முடியாதுன்னு சொன்னேன், அண்ணாச்சி. என் காலுக்கு என்ன கேடு?"