எந்தப் பூட்டு நல்ல பூட்டு?

"மூணுல எது சிறந்தது?" என்று கேட்டார் பூவராகன்.

கோகிலவாணி நிமிரவில்லை. பழைய லேப்டாப் ஒன்றின் அடிப்பக்கத்தைக் கழற்றி, திருகாணிகளை ஒவ்வொன்றாக டீ கப்பின் மூடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கொண்டுவந்த காகிதத்தை மேஜையில் விரித்தார். குறுக்கே மூன்று மென்பொருள்களின் பெயர்கள். கீழே இருபத்தெட்டு வரிகள். பச்சை, மஞ்சள், சிவப்பு.

மூன்றும் ஒரே வேலைக்கானவை. ஹார்ட் டிஸ்கில் இருப்பதையெல்லாம் சாவி இல்லாதவனுக்குப் புரியாதபடி மாற்றிப் பூட்டிவிடும். திருடியவன் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியாது.

இந்தத் தொழிலில் அவளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு ரத்தப் பரிசோதனைக் கம்பெனியில் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பாளர். ஐந்து வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தாள். பிறகு வேலையை விட்டு, தில்லைநகரில் ஒரு மாடியறையைப் பிடித்து, செத்த கணினிகளிலிருந்து கோப்புகளை மீட்டுத் தரும் கடை வைத்தாள். அதன் பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் படியேறி வருகிறவர் பூவராகன்தான். "குரு இருக்காங்களா?" என்று வாசலிலேயே கிண்டலாகக் கேட்பார்.

இன்று கேட்கவில்லை.

ஐந்து மணிக்குள் அவர் நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் இரண்டே கேள்விகள். இனிமேல் எந்த மென்பொருள் என்பது இரண்டாவது. நடந்ததற்கு யார் பொறுப்பு என்பது முதலாவது.

முதல் கேள்விக்கு அந்தோணியம்மாள் என்று எழுதியிருந்தார். அறிக்கை போய்ச் சேர்ந்தால் ஒன்பது வருட வேலை அவளுக்கு இன்றோடு முடிந்தது.

அந்தோணியம்மாள் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுக்கிறவள். பூவராகனின் கம்பெனிக்கு வேலையே அதுதான். முசிறி பஸ்ஸில் ரத்தக்குப்பிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, லேப்டாப் பையைக் காலடியில் வைத்திருந்தாள். குளித்தலைப் பாலம் தாண்டிக் குனிந்து பார்த்தபோது பெட்டி இருந்தது, பை இல்லை.

அதில் முந்நூற்றுப் பதினோரு பேரின் பெயர், செல்போன் எண், எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு.

பை கைமாறிக் கைமாறி யாரிடமோ போயிருக்கிறது. அவன் டிஸ்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறான். பட்டியலில் தன் ஊர்ப் பெயர்கள் சில இருந்தன. ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற பெண்ணின் பெயரும் அதில் இருந்தது. மறுநாள் அவள் வடித்த சோற்றை அண்டாவோடு தூக்கிப்போய்க் குழியில் கொட்டினார்கள். அதை அவளையே நின்று பார்க்கவும் வைத்தார்கள்.

"எதும்மா சிறந்தது? சொல்லுங்க," என்றார் மறுபடியும். முன்பெல்லாம் அவளை வா, போ என்பார். அவள் கடை வைத்ததிலிருந்து பன்மை வந்து ஒட்டிக்கொண்டது.

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைப் பார்த்தாள். இதைத் தயாரிக்க எத்தனை நாள் ஆனது என்று கேட்டாள்.

ஒரு வருடம் பத்து மாதம் என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் மென்பொருள் என்ன செய்யும் என்று கேட்டாள். பூட்டும் என்றார். இரண்டாவது? அதுவும் பூட்டும். மூன்றாவதைப் பற்றி அவள் கேட்பதற்குள் அவரே விளக்க ஆரம்பித்தார். ஊழியர் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மாற்றுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும், பழைய லேப்டாப்பை எது மந்தமாக்கும், எதன் ஆட்கள் போன் செய்தால் எடுப்பார்கள் என்றெல்லாம் பார்க்க வேண்டாமா என்றார்.

"எல்லாம் சரியான கேள்விதான் சார். நானும் கேப்பேன். பூட்டிட்டுக் கேப்பேன்."

பூவராகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து உயிர்ப்பித்தாள். அவருடைய கம்பெனி வாங்குகிற அதே ரகம். இரண்டு இடத்தில் தட்டினாள். நாற்பத்தெட்டு இலக்கச் சாவி ஒன்று திரையில் வந்தது. அதைப் பொறுமையாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு இன்னொரு தட்டு.

கீழே போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தாள்.

டீ வந்தது. குடித்தார்கள். கப்பைக் கீழே வைத்தபோது லேப்டாப் பூட்டி முடித்திருந்தது.

இது கணினியோடு சும்மா வருகிற பூட்டு. அவருடைய நாற்பத்திரண்டு லேப்டாப்களிலும் வாங்கிய நாளிலிருந்து இருந்தது. அவருக்குத் தெரியாததல்ல. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"ஒண்ணுன்னா நீங்க சொல்றது சரி," என்றார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. நாற்பத்திரண்டும் நாலு மாவட்டத்தில் அலைகின்றன, ஒன்று துறையூரில் என்றால் ஒன்று மணப்பாறையில், வேலையை நிறுத்தி எல்லாவற்றையும் ஒரு மேஜைக்குக் கொண்டுவர எந்த நிர்வாகம் சம்மதிக்கும், இங்கே உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம் என்றார்.

அவள் மூடியிலிருந்த திருகாணிகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. குனிந்து தரையில் தேடி எடுத்தாள்.

"ஆயுத பூஜைக்கு எங்க சார் இருந்துச்சு?"

பூவராகனுக்கு முதலில் புரியவில்லை.

பிறகு புரிந்தது.

மீட்டிங் ஹாலில் நீள மேஜை. அதன்மேல் புது வேட்டி. அதன்மேல் நாற்பத்திரண்டு லேப்டாப்கள், மூடியபடி, வரிசையாக. ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தவர் அவர்தான். கைவிரல் இரண்டு நாள் சிவப்பாக இருந்தது.

எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிய பிறகு கோகிலவாணி மட்டும் நின்றாள். எல்லாம் இங்கேதான் இருக்கிறது சார், விடிவதற்குள் நாற்பத்திரண்டையும் பூட்டிவிடுகிறேன், அனுமதி மட்டும் கொடுங்கள் என்றாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதம்மா என்றார் அவர். காலையில் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

காலையில் ஏழு மணிக்கே ஒவ்வொருவரும் தங்கள் லேப்டாப்பைக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். ஒன்றை அந்தோணியம்மாள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் கோகிலவாணி வேலையை விட்டாள்.

"அதுக்கப்புறம் இன்னொரு ஆயுத பூஜையும் வந்திருக்குமே சார்."

"வந்துச்சு."

"பொட்டு வச்சீங்களா?"

அவர் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு நேராக வரவில்லை. விரித்து மறுபடி மடித்தார்.

"உங்க சொந்த லேப்டாப் பூட்டியிருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"எப்போலேர்ந்து?"

அவள் முதன்முதலில் இதைப் பற்றிப் பேசிய வாரத்திலிருந்து. அதை மடித்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மூணுல எது போட்டிருக்கீங்க?"

"கூடவே வந்ததுதான்."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். கிளம்பவில்லை.

அறிக்கையோடு வேறு என்ன கொடுக்கப் போகிறார் என்று கோகிலவாணி கேட்டாள். அந்தோணியம்மாள் காலையில் எழுதிக்கொடுத்த கடிதம் இருக்கிறது என்றார். வாசகத்தைச் சொன்னது தான்தான் என்பதையும், கோகிலவாணி கேட்காமலே, சொன்னார். பாவம், அந்தோணியம்மாளுக்குக் கடிதமெல்லாம் எழுத வராது. 'முன்னெச்சரிக்கை'க்கு எழுத்துக்கூட்டச் சொன்னாள். மன்னிப்பாக எழுதிவிட்டால் போலீஸுக்குப் போக மாட்டார்கள் என்று தான்தான் தைரியம் சொன்னதாகச் சொன்னார்.

"நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்."

அவள் கையை நீட்டினாள்.

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கோடு போட்ட தாள். நடுவில் வியர்வை பட்டு மை லேசாக ஊறியிருந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"என்னை நம்பி ஒப்படைத்ததைப் பாதுகாக்கும் கடமையில் நான் தவறிவிட்டேன். போதிய நேரமும் வாய்ப்பும் இருந்தும் உரிய முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை. இதனால் பலரின் வாழ்க்கை பாதிக்கப்பட்டதற்கு நான் ஒருவரே பொறுப்பு."

கிழித்துவிடுவாள் என்று நினைத்தார். கிழித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் கிழிக்கவில்லை. தாளை மேஜையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். சாவி எழுதிய பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"எழுதியிருக்கறதுல ஒரு தப்பும் இல்ல சார்," என்றாள். "கையெழுத்துதான் வேற யாரோடதோ இருக்கு."